கோல்ஃப் டூர்: 13 கட்டளைகளும் ஒரு கண்டனமும்



"என்னது, நீ கோல்ஃப் ஆடறியா?"ன்னு வாயைப் பொளக்கறவங்க முதல்ல பொளந்து முடிச்சுக்கோங்க. அடியேன் கோடீஸ்வரனும் இல்லை, வெள்ளைக் கையுறை போட்ட கர்னலும் இல்லை. இங்கிலாந்துல ஆணி புடுங்கற ஆபீஸ்ல பக்கத்து சீட்டு ஆசாமி, "சும்மா வந்து பாரு, நல்ல காத்து"ன்னு ஒரு சனிக்கிழமை இழுத்துட்டுப் போனார். காத்து நல்லாத்தான் இருந்துச்சு. பந்துதான் எங்கே போச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியலை :-)

நம்ம ஊர்ல கோல்ஃபுன்னா ஜிம்கானா கிளப், மெம்பர்ஷிப், வாசல்ல சல்யூட் அடிக்கற வாட்ச்மேன். இங்கே அப்படியும் இருக்கு, அப்படி இல்லாததும் இருக்கு. அந்த இரண்டாவது வகைதான் 'கோல்ஃப் சொசைட்டி'. சொந்தமா ஒரு அடி புல்லு கூட கிடையாது. ஒரே ஆபீஸ், ஒரே பப், ஒரே தெருன்னு ஏதோ ஒண்ணு சேர்த்து வச்ச பத்திருபது பேர். மாசம் ஒரு மைதானத்துல காசு கட்டி ஆடிட்டு வருவாங்க. வருஷத்துக்கு ஒரு தடவை மூட்டை கட்டிட்டு 'டூர்' கிளம்புவாங்க.

டூரை உங்களுக்குப் புரியற மாதிரி சொல்லணும்னா சபரிமலைக்குப் போற கோஷ்டியை நினைச்சுக்கோங்க. குருசாமி மாதிரி ஒரு கேப்டன். கணக்குப் பிள்ளையா ஒரு பொருளாளர். முதல் தடவை வர்ற கன்னிசாமிகள். விரதம் மட்டும் கிடையாது. அது இருக்க வேண்டிய இடத்துல பீர் இருக்கும்.

எங்க கோஷ்டி 12 பேர், நாலு நாள், ஸ்காட்லாந்துல ஃபைஃப் கடற்கரை. தங்கறது கிரெய்ல்ங்கற மீன்பிடி கிராமத்துல. சின்ன ஊருதான், ஆனா அங்கே இருக்கிற கிரெய்ல் கோல்ஃபிங் சொசைட்டி 1786ல ஆரம்பிச்சது. அவங்களோட பால்கோமி மைதானத்தை 1895ல ஓல்ட் டாம் மோரிஸ் வடிவமைச்சார். வட கடலை ஒட்டியே ஆட்டம். காத்து அடிச்சா தொப்பி ஒரு பக்கம், பந்து ஒரு பக்கம், மானம் ஒரு பக்கம். கோல்ஃபின் காசியான செயின்ட் ஆண்ட்ரூஸ் அங்கிருந்து பத்து மைல்தான். அந்த ஓல்ட் கோர்ஸ்ல ஆட குலுக்கல்ல பேர் வரணும். எங்களுக்கு வரலை. ஆனா ஞாயித்துக்கிழமை வழக்கமா அங்கே ஆட்டம் கிடையாது, பொது நிலம், யாரு வேணா நடக்கலாம். ஊரே நாயைக் கூட்டிக்கிட்டு உலாத்தும். நாங்களும் போய் ஸ்வில்கன் பாலத்து மேல நின்னு ஆளுக்கொரு போட்டோ எடுத்துக்கிட்டோம். செலவு பூஜ்யம்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். எங்க கோஷ்டிக்கு ஒரு ஒத்தைத் தாள் சட்டப்புத்தகம் இருக்கு, டூர் விதிகள் மொத்தம் 13. இந்த வருஷம் அந்தத் தாளைக் கிழிச்சுப் போட்டுட்டு 'ஒழுங்கா' ஆடணும்னு ஒரு தீர்மானம் வந்திருக்கு. அதைக் கண்டிக்கத்தான் இந்தப் பதிவு. கண்டனத்துக்கு முன்னாடி கண்டிக்கப்படற சரக்கைப் பார்த்துடுவோம். பதிமூணையும் எழுதினா நீங்க பாதியில எஸ்கேப் ஆயிடுவீங்க, அதனால முக்கியமானது மட்டும்.

சாக்குப்போக்கு விதி. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரே ஒரு சாக்கு. காத்து, முதுகுவலி, புதுச் செருப்பு, பறந்து போன கடல் காக்கா, எது வேணா சொல்லிக்கலாம். இரண்டாவது சாக்குக்கு ஒரு பவுண்டு அபராதம். காலையிலேயே சாக்கைச் செலவழிச்சுட்டா சாயங்காலம் வாயை மூடிக்கணும். (இதை மட்டும் ஆபீஸ் மீட்டிங்ல கொண்டு வந்தா எவ்வளவு நேரம் மிச்சமாகும்னு யோசிச்சுப் பாருங்க.)

தேடல் விதி. காணாமப் போன பந்தைத் தேட 2019 வரைக்கும் அஞ்சு நிமிஷம் இருந்துச்சு, அந்த வருஷத்துலேர்ந்து மூணு நிமிஷம்தான். இது உலகத்துக்கே பொதுவான விதி. எங்க தாள்ல ஒரு வரி கூடுதல்: அடுத்தவன் பந்தைத் தேடும்போது உன் பந்தைத் தேடற அதே அக்கறை முகத்துல தெரியணும். முள்ளுப் புதர்க்கு வெளியே நின்னுக்கிட்டு கம்பால நாலு தட்டு தட்டறது தேடல்ல சேராது.

இலவச அறிவுரை விதி. "தலையைத் தூக்காதே", "முழங்கையை மடக்காதே"ன்னு கேட்காமலே பாடம் எடுத்தா ஒரு பவுண்டு. இது வெறும் தமாஷ் இல்லை. அதிகாரபூர்வ விதியிலயே போட்டியின்போது எதிராளிக்கு ஆலோசனை சொல்லக்கூடாது, சொன்னா தண்டனை இரண்டு அடி. நாங்க அதைப் பவுண்டுக்கு மாத்திக்கிட்டோம், அவ்வளவுதான். அறிவுரை சொல்றவர் நம்மளைவிட மோசமா ஆடறவரா இருந்தா அபராதம் டபுள்.

கதாகாலட்சேப விதி. ராத்திரி சாப்பாட்டு மேஜையில ஒருத்தர் தன் ஆட்டத்துலேர்ந்து ஒரே ஒரு குழியைப் பத்தித்தான் பேசலாம். பதினெட்டுக் குழியையும் வரிசையா விவரிக்க ஆரம்பிச்சா மத்தவங்க எழுந்து போக உரிமை உண்டு. எழுந்து போனவங்க பில்லையும் கதை சொன்னவரே கட்டணும்.

குறட்டை விதி. ரூமுக்கு ரெண்டு பேர், யாரோட யாருன்னு சீட்டு குலுக்கல். குறட்டை விடறவர் கூட்டாளிக்குக் காதடைப்பான் வாங்கித் தரணும். "நான் குறட்டை விடமாட்டேன்"ன்னு சொல்றவர் ரெண்டு ஜோடி வாங்கணும்.

கொள்ளைக்காரன் விதி. இதுக்கு ஒரு சின்ன விளக்கம் வேணும். ஒவ்வொரு குழிக்கும் இத்தனை அடியில முடிக்கணும்னு ஒரு கணக்கு இருக்கு, அதுதான் 'பார்'. மோசமா ஆடறவனுக்கு மொத்தத்துல இத்தனை அடி சலுகைன்னு ஒரு எண் கொடுப்பாங்க, அது 'ஹேண்டிகேப்'. நல்லா ஆடறவருக்கு 5 இருக்கலாம். அடியேனுக்கு 31. இந்தச் சலுகை இருக்கறதாலதான் புலியும் பூனையும் ஒரே போட்டியில ஆடி, பூனை ஜெயிக்கக்கூட முடியுது. வேற எந்த ஆட்டத்துல இது நடக்கும், சொல்லுங்க? ஆனா சில பேர் வருஷம் பூரா வேணும்னே சொதப்பி அந்த எண்ணை ஏத்தி வச்சுக்கிட்டு டூர்ல வந்து பரிசை அள்ளுவாங்க. அவங்களுக்கு இங்கே 'பேண்டிட்'னு பட்டம். அதனால டூர்ல ஜெயிச்சவருக்கு அடுத்த வருஷம் சலுகையில ரெண்டு அடி வெட்டு. அப்பீல் கிடையாது.

தொப்பி விதி. கண்ணைக் குத்தற ரோஸ் கலர்ல, குஞ்சலம் வச்ச கம்பளித் தொப்பி ஒண்ணு இருக்கு. முன்னெல்லாம் அன்னன்னிக்குக் கடைசியா வந்தவர் அதை மறுநாள் பூரா போட்டுக்கணும். நான் சேர்ந்த முதல் டூர்ல நாலு நாள்ல மூணு நாள் அது ஒரே தலையில இருந்துச்சு. (யார் தலைன்னு கேட்காதீங்க. அவ்வ்வ்.) முதல் நாள் எல்லாரும் சிரிச்சோம். இரண்டாவது நாள் மத்தவங்க சிரிச்சாங்க. மூணாவது நாள் யாருமே சிரிக்கலை. அடுத்த வருஷம் கேப்டன் ஒரு வார்த்தையை மாத்தினார்: தொப்பி மோசமான ஸ்கோருக்கு இல்லை, அன்னிக்கு அடிச்ச மோசமான ஒரே ஒரு ஷாட்டுக்கு. மோசமான ஸ்கோர் எப்பவும் ஒருத்தர்கிட்டயேதான் போகும். மோசமான ஷாட் எல்லார் வீட்டுக் கதவையும் தட்டும். அந்த வருஷம் தொப்பி போட்டவங்கள்ல கேப்டனும் ஒருத்தர்.

அபராதம் மொத்தமும் ஒரு பழைய பிஸ்கட் டின்ல சேரும். கடைசி நாள் பக்கத்து ஊர் அன்ஸ்ட்ரதர்ல இருக்கிற உயிர்காக்கும் படகு நிலையத்து உண்டியல்ல அதைக் கொட்டிட்டு, அங்கேயே மீனும் சிப்ஸும் சாப்பிட்டு ஊர் திரும்புவோம். (எனக்குச் சிப்ஸ் மட்டும்.)

இந்த மாதிரி கூத்து விதியெல்லாம் எங்க கண்டுபிடிப்புன்னு நினைச்சுடாதீங்க, இந்த ஊருக்கு இது பரம்பரை வியாதி. 1940ல லண்டன் பக்கத்துல ரிச்மண்ட் கோல்ஃப் கிளப் மேல ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டப்போ, அவங்க கிளப்பை மூடலை. தற்காலிக விதின்னு ஒரு பட்டியல் போட்டாங்க. புல்வெட்டும் மெஷின் கெட்டுப் போகாம இருக்க குண்டுச் சிதறலைப் பொறுக்கிப் போடணும். குண்டு விழும்போது பதுங்கறவங்களுக்குத் தண்டனை கிடையாது. நீங்க அடிக்கற அதே நொடியில குண்டு வெடிச்சு ஷாட் கெட்டுப் போனா, அதே இடத்துலேர்ந்து இன்னொரு பந்து அடிக்கலாம். ஆனா தண்டனை ஒரு அடி! தலைக்கு மேல சாவு பறக்கும்போது அந்த ஒரு அடியை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேங்கறாங்க பாருங்க, அங்கேதான் இந்த ஆட்டத்தோட சூட்சுமமே இருக்கு.

ஏன்னா கோல்ஃப்ல பெரும்பாலும் அம்பயரே கிடையாது. உன் அடியை நீதான் எண்ணணும். 1925 அமெரிக்க ஓபன்ல பாபி ஜோன்ஸ், தான் அடிக்கத் தயாரானப்போ பந்து லேசா அசைஞ்சதுன்னு சொல்லித் தனக்குத்தானே ஒரு அடி தண்டனை போட்டுக்கிட்டார். வேற யாரும் அதைப் பார்க்கலை. கடைசியில சமநிலை ஆகி, மறு ஆட்டத்துல தோத்தார். பாராட்டினவங்ககிட்ட, பேங்கைக் கொள்ளையடிக்காததுக்குப் பாராட்டுவீங்களான்னு கேட்டாராம். 1968 மாஸ்டர்ஸ்ல ராபர்ட்டோ டி விசென்ஸோ கதை இன்னும் கொடுமை. 17வது குழியில அவர் 3 அடியில முடிச்சார். அட்டையை எழுதின சக ஆட்டக்காரர் 4னு போட்டுட்டார். இவர் பார்க்காம கையெழுத்துப் போட்டுட்டார். டிவியில உலகமே பார்த்திருந்தும் அட்டையில இருக்கறதுதான் கணக்குன்னு சொல்லிட்டாங்க. அந்த ஒரு அடியில முதலிடத்துக்கான மறு ஆட்டமே போச்சு.

இப்போ கொஞ்சம் கொசுவத்தி சுத்தறேன்.

எங்க கோஷ்டியில ஒரு பெரியவர். வயசு 74. சொசைட்டியை ஆரம்பிச்ச நாலு பேர்ல ஒருத்தர். நான் கன்னிசாமியா வந்தப்போ, என்கூட ஆட எல்லாரும் நைசா நழுவினதைப் பார்த்துட்டு, "வா தம்பி, நாம ரெண்டு பேரும் சேர்ந்து தோப்போம்"ன்னு தோள்ல கை போட்டவர். முதல் வருஷம் ஒரு புதருக்குள்ள போய், "பந்து அசைஞ்சுடுச்சு, எனக்கு ஒண்ணு கூட்டிக்கோ"ன்னு குரல் கொடுத்தார். நான் அப்போ முப்பது கஜம் தள்ளி நின்னுக்கிட்டிருந்தேன். அப்படிப்பட்ட மனுஷன்.

இரண்டு வருஷம் கழிச்சு, பால்கோமியில மூணாவது நாள். அவர் அட்டையை எழுதற வேலை எனக்கு. ஒரு குழியை முடிச்சுட்டு "அஞ்சு"ன்னார். நான் எண்ணினது ஏழு. மணல்ல ரெண்டு தடவை வெட்டினதை நான் பக்கத்துலேர்ந்து பார்த்தேன். கேட்கலாமான்னு வாயைத் திறந்தேன், மூடிட்டேன். அஞ்சுன்னே எழுதினேன். அடுத்த குழியிலயும் ஒண்ணு குறைஞ்சது. நடுவுல தன் தம்பி கடல்ல தொப்பியை விட்ட கதையைச் சொன்னார். கொஞ்ச நேரம் கழிச்சு அதே கதையை முதல் தடவை சொல்ற மாதிரியே திரும்பச் சொன்னார். எனக்கு வயித்துக்குள்ள ஏதோ பண்ணுச்சு.

ஆட்டம் முடிஞ்சு கூட்டிப் பார்த்தா அன்னிக்கு அவர்தான் முதலிடம். விதிப்படி, அடிச்சதைவிடக் குறைவா எழுதின அட்டையில கையெழுத்துப் போட்டுக் கொடுத்தா தகுதி நீக்கம். பேசாம இருந்தா பொய் அட்டைக்கு நானும் சாட்சி. பேசினா அவரை எல்லார் முன்னாடியும் திருடன் ஆக்கறேன். கேப்டனைத் தனியாக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். "ம்"னார். கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கிட்டு நின்னார். "அவங்க வீட்டுக்காரம்மா ஸ்டேஷன்ல என்கிட்ட சொன்னாங்க"ன்னு மட்டும் சொல்லிட்டு உள்ளே போயிட்டார்.

டூர்ல ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு போலிக் கோர்ட் நடக்கும். தரை துடைக்கற மாப்பைத் தலையில விக் மாதிரி வச்சுக்கிட்டு கேப்டன்தான் ஜட்ஜ். அன்னிக்கு முதல் தீர்ப்பு: எல்லா அட்டையும் மழையில நனைஞ்சு எழுத்து அழிஞ்சு போச்சு, படிக்க முடியலை, இன்னிக்குப் பரிசு கிடையாது, பரிசுப் பந்துகள் நாளைக்குச் சேரும்.

அன்னிக்கு மழையே பெய்யலை. பன்னிரண்டு பேர்ல ஒருத்தர் கூட அதைக் கேட்கலை.

இரண்டாவது வழக்கு என் மேல. குற்றச்சாட்டு: கையில பென்சிலை வச்சுக்கிட்டு சும்மா நடந்துட்டு, எண்ணற வேலையை 74 வயசுக்காரர் தலையில கட்டினது. அபராதம் இரண்டு பவுண்டு. கூடவே ஒரு புது விதியும் சேர்த்தாங்க: எழுபது தாண்டினவங்க அடிச்சா போதும், எண்ணறது அட்டை எழுதறவன் வேலை. "எத்தனை ஆச்சு?"ன்னு எழுபது தாண்டினவர் கேட்டா அவருக்கே ஒரு பவுண்டு அபராதம். பெரியவர்தான் முதல்ல சிரிச்சார். "எத்தனை வருஷமா எண்ணிக்கிட்டிருக்கேன், இப்பவாவது விட்டீங்களே"ன்னு முன்பணமா ஒரு பவுண்டை டின்ல போட்டார். அதுதான் எங்க பதிமூணாவது விதி.

இப்போ தீர்மானத்துக்கு வர்றேன். நல்லா ஆடற நாலு பேர் கேட்கறது இதுதான்: ஹேண்டிகேப் 18க்கு மேல இருக்கறவங்க டூருக்கு வேண்டாம். நுழைவுக் கட்டணத்தை ஏத்திப் பணப் பரிசு வைக்கணும். அவனவன் ஸ்கோரை அவனவனே போன் ஆப்புல போட்டுக்கலாம். கூத்துத் தாளைக் கிழிச்சுடலாம். மேலோட்டமாப் பார்த்தா ஒண்ணும் தப்பில்லை. ஆனா இந்த நாலையும் கூட்டினா வர்ற விடை என்ன? பெரியவர் வெளியே. (நானும்தான், அதுவா முக்கியம்? சரி, கொஞ்சம் முக்கியம்தான்.)

அவங்க சொல்றதுல நியாயம் இல்லாம இல்லை. முப்பது ஹேண்டிகேப்காரன் பின்னாடி நின்னு வேடிக்கை பார்க்கறது பொறுமைக்குச் சோதனை, ஒத்துக்கறேன். ஆனா அதுக்கு மருந்து ஏற்கனவே இருக்கு. ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்டுன்னு ஒரு டாக்டர் கண்டுபிடிச்ச கணக்கு முறை. 1932ல லிவர்பூல் பக்கம் வாலசி கிளப்புல போட்டியாவே நடத்தினாங்க. மொத்த அடியை எண்ணாம, ஒவ்வொரு குழிக்கும் தனித்தனியாப் புள்ளி. ஒரு குழியில நாசமாப் போனா பூஜ்யம், அவ்வளவுதான். பந்தைக் கையில எடுத்துக்கிட்டு அடுத்த குழிக்கு நடக்கலாம், பின்னாடி வர்றவங்களும் காத்திருக்க வேண்டாம். ஒரு கெட்ட குழி முழு நாளையும் கெடுக்கக் கூடாதுன்னு யோசிச்சிருக்கார் பாருங்க, டாக்டருக்கு ஒரு கும்பிடு. தாமதம்தான் பிரச்சினைன்னா, புள்ளி போனதும் பந்தை எடுக்காதவனுக்கு அஞ்சு பவுண்டு போடுங்க. நானே முதல்ல கட்டறேன்.

தாள்ல எனக்கும் பிடிக்காத ஒரு விதி உண்டு. கன்னிசாமி ஒரே மடக்குல விஸ்கி குடிக்கணுமாம். நான் குடிக்கறதில்லைன்னதும் ஒரு டம்ளர் பால் கொடுத்தாங்க, சிரிச்சுக்கிட்டே குடிச்சேன். எல்லாராலயும் அப்படிச் சிரிக்க முடியாது. அதை எடுத்துடுங்க. தொப்பி விதியைத் திருத்தின மாதிரி இதையும் திருத்தலாம். திருத்தறது வேற, கிழிக்கறது வேற.

என் கருத்து இதுதான். பெரிய விதிப்புத்தகம் யாரு ஜெயிச்சாங்கன்னு சொல்லும், அதுக்கு அதுதான் வேணும். ஆனா பன்னிரண்டு பேர், பன்னிரண்டு விதமான திறமை, பன்னிரண்டு விதமான பர்ஸ், நாலு நாள் ஒரே கூரைக்குக் கீழே சண்டை போடாம இருந்துட்டு, அடுத்த வருஷமும் கிளம்பி வரணும்னா அதுக்கு வேற மாதிரி விதி வேணும். "உனக்கு ஞாபகம் குறையுது"ன்னு ஒருத்தரை மூஞ்சிக்கு நேரா சொல்ல எந்தச் சட்டத்துக்கும் வாய் கிடையாது. தலையில மாப்பு வச்ச ஜட்ஜ் அதைச் சொல்லாமலே சொல்லிட்டார், பெரியவரும் சிரிச்சுக்கிட்டே ஒரு பவுண்டு கட்டினார். அதைக் கிழிச்சுட்டு அங்கே என்னத்தை வைக்கப் போறீங்க, ஆப்பா?

நல்ல போட்டி வேணும்கறவங்களுக்கு வருஷம் பூரா கிளப் போட்டி இருக்கு, தாராளமா ஆடட்டும். டூரை விட்டுடுங்க. இன்னொரு விஷயம். உலகத்துலேயே முதல்ல எழுதின கோல்ஃப் விதிகள் 1744ல எடின்பரோ பக்கம் லீத்ல எழுதினது. அதுலயும் மொத்தம் 13தான். பந்து ஆள் மேலயோ, குதிரை மேலயோ, நாய் மேலயோ பட்டு நின்னா, நின்ன இடத்துலேர்ந்தே ஆடணும்னு ஒரு விதி அதுல இருக்கு. விழுந்த இடத்தை ஏத்துக்கிட்டு அங்கேர்ந்து ஆடு. 74 வயசுக்கும் அது பொருந்தும்னு எனக்குத் தோணுது.

அடுத்த மாசம் ஓட்டெடுப்பு. என் ஓட்டு எங்கேன்னு சொல்லணுமா? பெரியவர் போன வாரம் போன் பண்ணி, "இந்த வருஷம் எங்கே போறோம்?"னு கேட்டார். கிரெய்ல்னு சொன்னேன். நேத்தும் போன் பண்ணி அதையே கேட்டார். கிரெய்ல்னு சொன்னேன்.

உங்க கிரிக்கெட் டீம், டிரெக்கிங் குரூப், சபரிமலை கோஷ்டி, இதுல எல்லாம் எழுதாத சட்டம் என்னென்ன இருக்கு? பின்னூட்டத்துல போடுங்க. நல்லதா இருந்தா பதினாலாவது விதியாச் சேர்த்துடலாம்.

டிஸ்கி: பதிவு நீளமாயிடுச்சுன்னு திட்டறவங்களுக்கு, இது என் இன்னிக்கு ஒரே சாக்கு: காத்து ஜாஸ்தி :-)